ரெஜினாவின் பீச்சாங்கை

“இவளுக்கு மனசுக்கு ஒரு மாத்திரை எழுதிக் குடுங்க டாக்டரம்மா. நல்லாத் தூங்குனா எல்லாம் சரியாப் பூடும்.”

அந்தோணி இதைச் சொன்னபோது அவர் மனைவி ரெஜினா பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். என் மேசைமேல் இருந்த பிளாஸ்டிக் இதயத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இடது உள்ளங்கையை வலது அக்குளுக்குள் செருகி வைத்திருந்தார், மார்கழிக் காலையில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் செய்வதுபோல. வெளியே சித்திரை வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

முகக்கவசங்கள் கழுத்துக்கு இறங்கி, பிறகு மெல்லக் காணாமல் போய்க்கொண்டிருந்த காலம் அது. ஸ்ரீபெரும்புதூரில் எங்கள் மருத்துவமனை முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்கள் திரும்பும் நேரத்தில்தான் நிரம்பும். கழுத்தில் அடையாள அட்டை தொங்க, யூனிஃபார்மைக்கூட மாற்றாமல் வந்து உட்காருவார்கள். எண்ணெய்ப் பிசுக்கும் பவுடரும் கலந்த ஒரு வாசனை என் அறை வரைக்கும் வரும்.

“நெஞ்சு வலிக்குது, நெஞ்சு வலிக்குதுன்னு சொல்லிக்கினே கீறா. பெரிய ஆஸ்பத்திரியில மறுபடியும் ஆஞ்சியோ எடுத்துப் பாத்துட்டாங்க. கிராஃப்ட் எல்லாமே பேஷன்ட்டுன்னு போட்டுக் குடுத்துட்டாங்க” என்றார் அந்தோணி.

“பேஷன்ட்டா?”

அறிக்கையை நீட்டினார். ‘பேட்டன்ட்’ என்று இருந்தது. பைபாஸில் தைத்த குழாய்களில், அதாவது கிராஃப்டுகளில், அடைப்பு இல்லை, திறந்திருக்கிறது என்பதற்கு நாங்கள் எழுதும் சொல்.

“ஓப்பனா இருக்குன்னு அர்த்தம்” என்றேன்.

“அதாம்மா. எல்லாம் ஓப்பனா கீதாம். அப்புறம் இன்னாத்துக்கு வலிக்கணும்?”

நியாயமான கேள்வி. ஒரு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநருக்குத் தோன்றிய இந்தக் கேள்வி, அந்த அறிக்கையில் கையெழுத்துப் போட்டவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். தோன்றியிருந்தால் பதிலைத் தேடியிருப்பார். அதற்குப் பதிலாக அறிக்கையின் கடைசி வரியில் ‘மனப்பதற்றம், ஆறுதல் கூறவும்’ என்று எழுதி அனுப்பிவிட்டார்.

பத்திரிகையில் நான் எழுதும் இந்தத் தொடரைப் படிக்கும் நண்பர் ஒருவர், “உங்களுக்கு இவ்வளவு கோபம் ஆகாது டாக்டர், பிரஷர் ஏறும்” என்று போன வாரம் போனில் சொன்னார். ஏறட்டும். அதற்கு மாத்திரை இருக்கிறது.

சோடாவும் அறுவை சிகிச்சையும்

சேரப்பணஞ்சேரிக்காரர்கள் இருவரும். அந்தோணிக்கு ஒரகடத்தில் ஒரு குடோனில் வேலை. ரெஜினா, கார் உதிரிபாகம் செய்யும் ஒரு தொழிற்சாலையின் கேன்டீனில், கான்ட்ராக்டரிடம் சமையல் வேலை. பொங்கலும் உப்புமாவும் கிண்டுவது அவர் பொறுப்பு. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் குறைவான துடுப்பால், அண்டாவைச் சுற்றி வந்து கிண்ட வேண்டும்.

முதல்முறை நெஞ்சு வலி வந்தது அந்த அண்டாவின் பக்கத்தில்தான். வியர்த்துக் கொட்டி உட்கார்ந்தவருக்கு கேன்டீனில் சோடா வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். கேஸாம். ஒரு ஆண் அப்படி உட்கார்ந்திருந்தால் ஆம்புலன்ஸ் வந்திருக்கும். பெண்ணுக்கு நெஞ்சு வலித்தால் இந்த நாட்டில் முதலில் சோடாதான் வரும். அந்தோணி வந்து ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போன பிறகுதான் அது மாரடைப்பு என்று தெரிந்தது. நெடுநாள் சர்க்கரை. இதயத்தின் ரத்தக்குழாய்கள் பல இடங்களில் குறுகியிருந்தன. சென்னையில் பைபாஸ் செய்தார்கள்.

அறுவை சிகிச்சை நன்றாகவே நடந்தது. அதில் நான் குறை சொல்லப் போவதில்லை. ஓய்வு முடிந்து திரும்பியபோது கேன்டீனில் காய் நறுக்கும் வேலை கொடுத்தார்கள். வலி இல்லை. சில மாதங்களில் ஆள் குறைந்தது. மறுபடியும் துடுப்பைப் பிடிக்கச் சொன்னார்கள். அதிலிருந்துதான் வலி.

தொழிற்சாலையின் மருத்துவ அறைக்குப் போனார். அங்கே நாற்காலி சுவரோரமாகப் போடப்பட்டிருக்கும். உட்கார்ந்தால் இடது கை மட்டும்தான் மேசைப் பக்கம் வரும். அதில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்த்தார்கள். நார்மல். பெரிய மருத்துவமனைக்குப் போனார். அங்கே வலது கையில் பார்த்தார்கள். எகிறியிருந்தது. வேலை செய்யும் இடத்தில் நார்மல், ஆஸ்பத்திரிக்கு வந்தால் மட்டும் ஏறுகிறது. ஆகவே பயம். ஆகவே மனசு.

இரண்டு இடத்திலும் அளந்தவர்கள் சரியாகத்தான் அளந்தார்கள். கேன்டீன் சூப்பர்வைசர் மட்டும் சுற்றி வளைக்காமல் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்: வேலைக்கள்ளி.

கையோடு ஒட்டிய குழாய்

பைபாஸ் என்றால் என்ன என்று எல்லாருக்கும் ஓரளவு தெரியும். அடைப்பைத் தாண்டி ரத்தம் போக மாற்றுவழி போடுவது. காலிலிருந்து எடுத்த ரத்தக்குழாய்களை அதற்குப் பயன்படுத்துவார்கள். ஆனால் இதயத்தின் முன்பக்கத்துக்குப் போகும் முக்கியமான குழாய்க்கு மட்டும் வேறு ஏற்பாடு.

நெஞ்செலும்புக்குப் பின்னால், இடப்பக்கம், ஒரு மெல்லிய தமனி மேலிருந்து கீழே ஓடுகிறது. அதன் கீழ்முனையை வெட்டி இதயத்தோடு தைத்துவிடுவார்கள். மேல்முனையை அப்படியே விட்டுவிடுவார்கள். பல்லாண்டுகள் உழைக்கும் குழாய் அது. எங்கள் தொழிலில் அதன்மேல் எல்லாருக்கும் ஒரு மரியாதை உண்டு.

அந்த மேல்முனை எங்கிருந்து கிளம்புகிறது? இடது கைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய தமனியிலிருந்து. அதாவது பைபாஸ் ஆனவரின் இதயத்தின் முன்பக்கம், இடது கையின் ரத்தத்தில் பங்கு வாங்கிப் பிழைக்கிறது. அந்தக் கைத்தமனி கிளைபிரியும் இடத்துக்கு முன்னாலேயே குறுகிப் போயிருந்தால்? கை சும்மா இருக்கும்வரை சமாளித்துவிடும். கை உழைக்க ஆரம்பித்தால் ரத்தம் போதாது. அப்போது கை, இதயத்துக்குப் போன குழாய் வழியாகவே ரத்தத்தைப் பின்னோக்கி இழுத்துக்கொள்ளும்.

இது எல்லா இதய மருத்துவர்களும் படித்த விஷயம். தேர்வில் கேட்பார்கள். எழுதி மதிப்பெண் வாங்கியிருப்போம்.

கடைசி நொடிகள்

இருவரையும் டீ குடித்துவிட்டு வரச் சொல்லிவிட்டு, அவர்கள் கொண்டுவந்த குறுந்தகட்டைக் கணினியில் போட்டேன்.

பைபாஸ் ஆனவரின் ஆஞ்சியோ பார்ப்பது, ஆகாதவரின் ஆஞ்சியோ பார்ப்பது போன்றதல்ல. முதலில் இதயத்தின் பழைய குழாய்கள். பிறகு தைத்த குழாய்கள் ஒவ்வொன்றாக. ஒவ்வொன்றிலும் மூன்று இடம் பார்க்க வேண்டும்: குழாயின் வாய், உடல், இதயத்தோடு தைத்த ஒட்டு. எது எங்கே போய்ச் சேர்கிறது, இதயத்தின் எந்தப் பகுதிக்கு ரத்தம் குறைகிறது என்று கணக்குப் போட வேண்டும். பொறுமை வேண்டும். வெளியே நாற்பது பேர் உட்கார்ந்திருந்தாலும் வேண்டும்.

ரெஜினாவின் படம் அழகாக இருந்தது. அதுதான் எரிச்சல். காலிலிருந்து எடுத்த குழாய்கள் இரண்டும் வழுவழுவென்று இருந்தன. நெஞ்சுத் தமனியின் வாய்க்குள்ளேயே கதீட்டர் என்ற மெல்லிய குழலின் நுனியை வைத்து, படத்தில் கறுப்பாகத் தெரியும் மருந்தைச் செலுத்தியிருந்தார்கள். வாய் சரி, உடல் சரி, ஒட்டு சரி. எல்லாம் ஓப்பன் என்று எழுதியதில் பொய்யே இல்லை.

ஆனால் அந்த வாய்க்கு வந்துசேரும் கைத்தமனியை ஒரு தடவைகூடப் படம் எடுக்கவில்லை. வீட்டு வாசலில் நின்று வீட்டைப் படம் பிடித்தவர்கள், தெருவைத் திரும்பிப் பார்க்கவில்லை. கதீட்டர் அந்தத் தெருவழியாகத்தான் போயிருக்கிறது. போகிற வழியில் திரையில் அழுத்தம் சட்டென்று விழுந்திருக்கும். யாரும் திரையைப் பார்த்திருக்க மாட்டார்கள். பேச்சு வேறு எதிலோ இருந்திருக்கும். அந்த அறைகளில் என்ன பேசுவோம் என்று எனக்குத் தெரியும்.

மறுபடி முதலிலிருந்து ஓட்டினேன். பழைய குழாய்க்குள் மருந்து செலுத்தும் காட்சிகள். பெரும்பாலானவை சட்டென்று முடிந்துவிட்டன. கதிர்வீச்சு குறையட்டும் என்று எக்ஸ்ரே பெடலிலிருந்து காலைச் சீக்கிரம் எடுப்பது நல்ல பழக்கம்தான். ஒரே ஒரு காட்சியில் மட்டும் யாரோ காலை எடுக்க மறந்திருக்கிறார்கள்.

அந்தக் காட்சியில், கறுப்பு மருந்து இதயத்தின் முன்பக்கக் குழாயில் இறங்கியது. குறுகிய இடத்தைச் சிரமப்பட்டுத் தாண்டியது. பைபாஸ் தைத்த இடத்தை அடைந்தது. அங்கே மேலிருந்து வரும் ரத்தம் அதை அடித்துக் கழுவிக்கொண்டு போயிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. ஒரு மெல்லிய கறுப்புக் கோடு கிளம்பி, நெஞ்சுத் தமனிக்குள் தலைகீழாக, தோளைப் பார்த்து ஏறத் தொடங்கியது.

நிறுத்தினேன். திரும்ப ஓட்டினேன். மறுபடியும் ஏறியது.

இது யாருக்கும் தெரியாத அபூர்வக் குறி அல்ல. மறைந்திருக்கவும் இல்லை. படத்தின் நடுவில், கண்ணுக்கு நேராக இருந்தது. கடைசி சில நொடிகள் வரை பார்த்திருந்தால் போதும்.

டிரிப் ஸ்டாண்டு

டீ குடித்துவிட்டு வந்தார்கள். ரெஜினாவின் வலது கையில் ரத்த அழுத்தம் பார்த்தேன். நூற்றைம்பதைத் தாண்டியிருந்தது. இடது கையில் பட்டையை மாற்றிக் கட்டினேன். நூறைத் தொடவே தயங்கியது. மணிக்கட்டில் நாடி, தேடிப் பிடிக்க வேண்டியதாக இருந்தது. கை ஜில்லென்று இருந்தது.

“இந்தக் கை எப்பவுமே இப்படித்தானா?”

“ஆமாம்மா. இட்லி குண்டான் மேல வெச்சி சூடு காட்டிக்குவேன்.”

“வலி எப்போ வருது? நீங்க சொல்லுங்க.”

ரெஜினா கணவரைப் பார்த்தார். பிறகு சொல்லத் தொடங்கினார். அவர் சொன்னது கோவையாக இல்லை. முதுகு எரிச்சல், தலை சுற்றல், படியேறினால் மூச்சு, எண்ணெய் வாசனை பட்டால் குமட்டல், தூக்கத்தில் யாரோ அழுத்துவது மாதிரி. அதில் பாதிக்கு இதயத்தோடு சம்பந்தமே இல்லை. நடுவில் ஒரு வரி வந்தது.

“பீச்சாங்கையத் தூக்கி வேலை செஞ்சா நெஞ்சப் புடிக்குதும்மா.”

நான் மதுரைப் பக்கத்துக்காரி. இடது கையை எங்கள் ஊரில் நொட்டாங்கை என்போம். “துடுப்பை எந்தக் கையில பிடிப்பீங்க?” என்றேன்.

“பீச்சாங்கையாலதான். எனக்கு எல்லாமே அதுலதான். சின்னப் புள்ளையில சூடு வெச்சாங்க, அப்பவும் மாறல.”

“இதை அந்த ஆஸ்பத்திரியில சொன்னீங்களா?”

“சொன்னேனே. போன தபா, முன்ன தபா, எல்லாத் தபாவும் சொன்னேன்.”

உண்மைதான். அவர்கள் கொடுத்த குறிப்பில் இருந்தது. ஆங்கிலத்தில், ‘நெஞ்சு வலி, இடது கை வலி’ என்று. கையைத் தூக்கினால் நெஞ்சு வலிக்கிறது என்று ஒரு பெண் சொன்னதை, கையும் வலிக்கிறது நெஞ்சும் வலிக்கிறது என்று யாரோ சுருக்கியிருக்கிறார்கள். புத்தகத்தில் மாரடைப்புக்கு அப்படித்தான் எழுதியிருக்கும். காது புத்தகத்தைத்தான் கேட்டிருக்கிறது.

ரெஜினாவைப் பக்கத்து அறைக்கு அழைத்துப்போய், ஈசிஜி வயர்களை நெஞ்சில் ஒட்டினோம். நர்ஸ் நாக்கடியில் வைக்கும் மாத்திரையோடு தயாராக நின்றார். ஒரு டிரிப் ஸ்டாண்டை இழுத்து அவர் முன்னால் வைத்தேன்.

“இதுதான் துடுப்புன்னு வெச்சிக்குங்க. பொங்கல் கிண்டுங்க. வலி ஆரம்பிச்ச உடனே நிறுத்திடணும்.”

அவர் சிரித்தார். அன்றைக்கு அவர் சிரித்தது அப்போது மட்டும்தான். இடது கையால் கம்பியைப் பிடித்துச் சுற்றத் தொடங்கினார். சக்கரங்கள் தரையில் கிறீச்சிட்டன. கொஞ்ச நேரத்தில் முகம் மாறியது. கை நின்றது. மற்றக் கை நெஞ்சுக்குப் போனது.

திரையில் ஈசிஜி கோடு கீழே இறங்கியிருந்தது. இதயத்தின் முன்பக்கம் ரத்தத்துக்குத் தவிக்கிறது என்று அர்த்தம். மாத்திரையை வைத்துப் படுக்க வைத்தோம். கோடு மெதுவாகப் பழைய இடத்துக்குத் திரும்பியது.

கதவோரம் நின்றுகொண்டிருந்த அந்தோணியை உள்ளே கூப்பிட்டு இரண்டு காகிதங்களையும் காட்டினேன். முன்பு எப்படி, கிண்டும்போது எப்படி. “இதை யாராலும் நடிச்சுக் காட்ட முடியாது” என்றேன். அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். ஆனால் எனக்கும் கோபம் இருந்தது.

நடந்ததை விளக்கினேன். எங்கள் புத்தகத்தில் இதற்குத் ‘திருட்டு’ என்றே பெயர் என்பதையும் சொன்னேன்.

படுத்தபடியே கேட்டுக்கொண்டிருந்த ரெஜினா, “கேன்டீன்ல என்னிய வேலைக்கள்ளின்னானுங்க. கள்ளன் உள்ளார இருந்துக்கினு கீறான்” என்றார். பிறகு கணவர் பக்கம் திரும்பினார்.

“அவனுங்கள்லாம் யாரோ. நீ பக்கத்துல படுத்துக்கினு கீறவன். நீகூட நம்பல.”

அந்தோணி அந்தக் காகிதங்களை மறுபடியும் எடுத்துப் பார்த்தார்.

ஒரு போன்

அறிக்கையில் கையெழுத்துப் போட்டவர் எனக்குத் தெரிந்தவர். படிக்கும் காலத்தில் எனக்குச் சில வருடம் மூத்தவர். இன்று பெரிய பெயர். அழைத்தேன்.

“கிராஃப்ட் எல்லாம் ஓப்பன்தானேம்மா?” என்றார்.

“ஓப்பன்தான் சார். கைத்தமனியைப் படம் எடுக்கலை. ரத்தம் ரிவர்ஸ்ல போகுது, உங்க படத்துலயே இருக்கு.”

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. கணினியில் தேடுகிறார் என்று புரிந்தது. பிறகு, “ஆமா, லேசாத் தெரியுது” என்றார்.

“அந்த அம்மா ஒவ்வொரு தடவையும் சொல்லியிருக்காங்க, கையைத் தூக்கினா வலிக்குதுன்னு.”

“அந்த லேடி என்னென்னமோ சொல்லுச்சு. எல்லாத்தையும் கேட்டுட்டு உட்கார்ந்தா ஓபி முடியுமா? உனக்குத் தெரியாததா?”

எனக்குத் தெரியும். அவர் கெட்டவர் இல்லை. கைத்திறன் உள்ளவர். ஏழைகளுக்கு விட்டுக்கொடுப்பவர் என்றும் பெயர் உண்டு. ஆனால் ‘மனப்பதற்றம்’ என்று எழுத அவருக்கு எந்தப் பரிசோதனையும் தேவைப்படவில்லை. அடைப்பு என்று எழுத ஆதாரம் வேண்டும். பயம் என்று எழுதக் கையெழுத்து போதும். அந்த ஒரு வரியோடு அந்தப் பெண் வீட்டுக்குப் போனார், கேன்டீனுக்குப் போனார். போன இடமெல்லாம் அந்த வரி அவருக்கு முன்னால் போய் நின்றது.

“நீயே சரி பண்ணிடு. படத்தையெல்லாம் எனக்கும் அனுப்பு” என்றார்.

அனுப்பினேன்.

சூடு

சில நாட்களில் கைத்தமனியின் குறுகிய இடத்தில் ஸ்டென்ட் வைத்தோம். சிகிச்சையின்போது ரெஜினா விழித்துத்தான் இருந்தார். முதலில் அந்தத் தமனியைப் படம் எடுத்தோம். வாய்க்குப் பக்கத்திலேயே, நகத்தால் கிள்ளியதுபோல் இடுங்கியிருந்தது. இதை எடுக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. பலூனை விரித்து, ஸ்டென்டைப் பதித்து, மறுபடியும் மருந்து செலுத்தினோம். இந்தமுறை எல்லாம் மேலிருந்து கீழே, போக வேண்டிய திசையில் போனது.

“அம்மா” என்றார் ரெஜினா, துணிக்கு அடியிலிருந்து. நான் பயந்துவிட்டேன்.

“என்னம்மா? வலிக்குதா?”

“இல்ல. கை சுடுது. யாரோ வெந்நி ஊத்துற மாரி கீது.”

கையுறையைக் கழற்றிவிட்டு அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். நாடி துள்ளியது. அந்த நேரத்தில் மகிழ்ச்சி வந்திருக்க வேண்டும். வந்தது. அதைவிட அதிகமாக ஆத்திரம் வந்தது. இவ்வளவு சுலபமாகத் தீரக்கூடிய ஒன்றோடு இவரை அண்டாவின் முன்னால் நிற்க வைத்திருந்தோம்.

வார்டில் ரெஜினா கணவரோடு பேசவில்லை. அந்தோணி சேரப்பணஞ்சேரியிலிருந்து கஞ்சி கொண்டுவருவார். ரெஜினா முகத்தைப் பார்க்காமல் தூக்கை வாங்கி வைத்துக்கொள்வார். அவர் வெளியே போய்த் தண்ணீர் ஃபில்டர் பக்கத்தில் நிற்பார்.

ஒருநாள் என்னை வழிமறித்தார். “நான் அவள ஏமாத்தணும்னு இல்லம்மா. அத்தினி பெரிய டாக்டரு கம்ப்யூட்டர்ல ஓட்டிக் காட்டுனாரு. பாருப்பா, எல்லாம் போகுதுன்னாரு. நானும் பாத்தேன். போச்சு. படத்தவிட இவ பெரிசான்னு நெனச்சிட்டேன்.”

“அவங்ககிட்டச் சொல்லுங்க” என்றேன்.

“சொன்னா கேக்க மாட்டேன்றா.”

“அவங்க சொன்னப்போ நீங்க கேட்டீங்களா?”

அடுத்த நாளும் கஞ்சி கொண்டுவந்தார்.

கேன்டீனில் இடம் இல்லை

வேலைக்குப் போகலாம் என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்தேன். இனிமேல் இரண்டு கைகளிலும் ரத்த அழுத்தம் பார்க்க வேண்டும் என்றும் அதில் எழுதினேன். தொழிற்சாலை மருத்துவர் எனக்கு போன் செய்தார். இளைஞர், மரியாதையான குரல்.

“மேடம், ரெண்டு கையிலயும் பார்க்கணும்னு எங்க ப்ரொசீஜர்ல இல்லையே.”

“நாற்காலியைத் திருப்பிப் போடுங்க. ப்ரொசீஜர் வேண்டாம்.”

“அதில்ல மேடம். ஒருத்தருக்குப் பார்த்தா எல்லாரும் கேட்பாங்க.”

“கேட்டா பாருங்க.”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்பதைக் கொஞ்சம் தாமதமாகப் புரிந்துகொண்டார்.

கேன்டீன் கான்ட்ராக்டர் அதைவிட எளிதாக முடித்துவிட்டார். அந்த இடத்துக்கு ஆள் எடுத்தாகிவிட்டது. நெஞ்சு ஆபரேஷன் ஆனவரை வைத்துக்கொண்டு ஏதாவது ஆகிவிட்டால் யார் பொறுப்பு? பொய் சொல்கிறார் என்று ஒதுக்கினவர்கள், நோய் உண்மை என்று தெரிந்ததும் நோயாளி என்று ஒதுக்கினார்கள். இரண்டுக்கும் நடுவில் ஒரு மனுஷி நிற்க இடமே இல்லை.

ரெஜினா சில வாரம் வீட்டில் இருந்தார். பிறகு இருங்காட்டுக்கோட்டையில் வேறொரு கம்பெனி கேன்டீனில் சேர்ந்தார். அங்கே சேரும்போதே ஆபரேஷன் ஆன கதையைச் சொல்லி, நெஞ்சுத் தழும்பைக் காட்டி, “வேணும்னா வை, வேணாட்டி இப்பவே சொல்லிடு” என்று கேட்டுத்தான் சேர்ந்திருக்கிறார். அங்கே சூப்பர்வைசர் ஒரு பெண். வைத்துக்கொண்டார்.

ஓட்டல் அரங்கில்

அடுத்த வருடம், சென்னையில் ஒரு பெரிய ஓட்டலில் இதய மருத்துவர்களின் கூட்டம். குளிரூட்டிய அரங்கம், மேடையில் பூங்கொத்து. அந்த மூத்தவர் பேச எழுந்தார். திரையில் ஒரு ஆஞ்சியோ ஓடியது. கறுப்புக் கோடு ஒன்று தோளை நோக்கித் தலைகீழாக ஏறியது.

எனக்கு அந்தப் படத்தை எங்கே பார்த்தாலும் தெரியும்.

அபூர்வமான கேஸ் என்றார். பைபாஸ் ஆனவர்களின் படங்களைப் பார்க்கும்போது எவ்வளவு கவனம் தேவை என்று விளக்கினார். நாங்கள் ஸ்டென்ட் வைத்த படத்தையும் காட்டினார். எங்கள் மருத்துவமனையின் பெயர் கீழே பொடி எழுத்தில் இருந்தது. அவர் அதைத் திருடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ‘நோயாளியின் கூற்று’ என்ற இடத்தில் மட்டும், ‘பயன்படவில்லை’ என்று போட்டிருந்தார். கைதட்டினார்கள்.

கேள்வி நேரத்தில் எழுந்தேன். “நோயாளியின் கூற்று பயன்படவில்லை என்று போட்டிருக்கிறீர்கள் சார். அவர் என்ன சொன்னார்?”

“அவர் பலவிதமாகச் சொன்னார், டாக்டர். தெளிவு இல்லை.”

அதுவரை எல்லாரும் ஆங்கிலத்தில்தான் பேசிக்கொண்டிருந்தோம். நான் தமிழுக்கு மாறினேன். “பீச்சாங்கையத் தூக்கி வேலை செஞ்சா நெஞ்சப் புடிக்குதுன்னு சொன்னாங்க. முதல் தடவையே சொன்னாங்க. இதைவிடத் தெளிவா எந்தப் புத்தகத்துல எழுதியிருக்கு சார்?”

அந்தச் சொல்லைக் கேட்டதும் அரங்கில் சிரிப்பு எழுந்தது. நூற்றுக்கணக்கான இதய மருத்துவர்கள், ஒரு கைக்குப் பெயர் சொன்னதற்குச் சிரித்தார்கள். அடங்கும்வரை நின்றுகொண்டிருந்தேன்.

“அபூர்வமான கேஸ் இல்லை. கேட்காத கேஸ். அப்படி எழுதுங்க” என்றேன்.

நெறியாளர் மைக்கை இழுத்து, உணவு இடைவேளை என்று அறிவித்தார்.

பிரியாணி வரிசையில் மூத்தவர் என் பக்கத்தில் வந்து நின்றார். “நீ இன்னும் மாறவே இல்லை” என்றார்.

“நீங்களும்தான் சார்” என்றேன். தட்டை வைத்துவிட்டு வெளியே வந்தேன். பசி இருந்தது. அங்கே சாப்பிடப் பிடிக்கவில்லை.

அடுத்த பரிசோதனைக்கு ரெஜினா வந்தபோது, அந்தோணி பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தார். பேச்சு திரும்பியிருந்தது, கொஞ்சம் உறைப்போடு. இரண்டு கைகளிலும் ரத்த அழுத்தம் ஒன்றாக இருந்தது. கூட்டத்தில் நடந்ததைச் சொன்னேன்.

“எம் படத்தப் போட்டாங்களா? எம் பேரச் சொன்னாங்களா?”

“நோயாளிகள் பேரைச் சொல்லக் கூடாதும்மா. அது விதி.”

“அப்போ யாரோ ஒருத்திக்கு வலிச்சிதுன்னு சொன்னாங்க.” யோசித்தார். “நீங்க பத்திரிகையில எழுதுவீங்களாமே. இத எழுதுங்க. பேரு போட்டு எழுதுங்க. நான் சொல்றேன், போடுங்க.”

நான் இந்தத் தொடரில் எழுதிய நோயாளிகளின் பெயர்கள் எல்லாமே மாற்றப்பட்டவை. இந்த ஒன்று மாற்றப்படவில்லை.

“உங்க வீட்டுக்காரர் பேரு?” என்றேன். “அதை மாத்திடட்டுமா?”

அந்தோணி பையை மடியில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்.

“அத மாத்தாதீங்க” என்றார் ரெஜினா. “அத மொதல்ல போடுங்க.”